காரணம்: அறியாமை

அக்கா பேத்தி பி.எஸ்ஸி. நர்ஸிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். போன மாசம் லீவுக்கு வந்தவள், "அம்மாச்சி, செமினார் ஒன்னு இருக்கு. பேசிப் பாக்குறேன், கேளுங்க" என்று என்னைக் கட்டிலில் உட்காரவைத்து லேப்டாப்பைத் திறந்தாள். 42 ஸ்லைடு. தலைப்பு, சோஷியல் டிட்டர்மினன்ட்ஸ் ஆஃப் ஹெல்த். வறுமை, குடிதண்ணீர், வீடு, வேலை, சாதி, பொம்பளையாய்ப் பிறந்தது, இதெல்லாம் சேர்ந்துதான் ஒருத்தருக்கு நோய் வருவதையும் வராததையும் தீர்மானிக்கிறதாம். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் மைக்கேல் மார்மட் தலைமையில் ஒரு கமிஷன் போட்டு, 3 வருஷம் ஆராய்ந்து, 2008-இல் அறிக்கை கொடுத்ததாம்.

கிராம சுகாதார செவிலியராக 35 வருஷம் வெயிலில் நடந்தவளுக்கு இது செய்தி. நான் தலையாட்டிக்கொண்டேன்.

ஒரு ஸ்லைடில் வானவில் மாதிரி அடுக்கடுக்காய் அரைவட்டம். டால்கிரன், வைட்ஹெட் என்று இரண்டு பேர் 1991-இல் போட்ட படம். நடுவில் ஆள், அதற்கு மேலே அவருடைய பழக்கவழக்கம், அப்புறம் உற்றார் உறவு, அப்புறம் தண்ணீர், வேலை, சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலே நாட்டு நிலவரம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எங்கள் காலத்தில் வானவில் கிடையாது. பை உண்டு.

நான் பயிற்சிக்குச் சேர்ந்தது 1982-இல். பதினெட்டு மாசப் படிப்பு. அல்மா அட்டா பிரகடனம் வந்து 4 வருஷம் ஆகியிருந்தது. '2000-க்குள் அனைவருக்கும் நலவாழ்வு' என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவோம். வீடு பார்க்கப் போகிறவள் பையை எப்படித் திறக்க வேண்டும் என்பதற்கு ஒரு முழு வாரப் பாடம். முதலில் செய்தித்தாளை விரிக்கணும். பையை அதன்மேல் வைக்கணும். சோப்பையும் துண்டையும் மட்டும் எடுத்துப் பையை மூடணும். கை கழுவணும். அப்புறம்தான் மற்ற சாமானைத் தொடலாம். முடிந்ததும் சாமானைக் கழுவி, மறுபடி கை கழுவி, பேப்பரை மடிக்கணும். ஒரு படி தவறினாலும் மார்க் போச்சு. கழுவுகிற தண்ணீர் யார் வீட்டுத் தண்ணீர் என்று மட்டும் பாடத்தில் இல்லை.

சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம். எனக்கு ஒதுக்கிய வீட்டில் ஆறு மாசக் கர்ப்பிணி, நாலாவது பிள்ளை. விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்து தீப்பெட்டி ஆபீஸுக்கு அள்ளிக்கொண்டு போகும். கட்டை அடுக்குகிற வேலை. எனக்காக அன்றைக்கு நின்றுவிட்டாள், அதாவது அன்றைய கூலி இல்லை. நான் முறைப்படி பேப்பரை விரித்து, சோப்பு போட்டு, ஒரு செம்பு ஊற்றிக் கழுவினேன். இரண்டாவது செம்புக்கு அவள் பானையையே பார்த்தாள்.

"ராத்திரி பூரா கெணத்தடில காத்துக் கெடந்து, ஊற ஊற எறச்ச தண்ணி தாயி. கொஞ்சம் பாத்து ஊத்து."

விரலில் குத்தி, சாலி குழாயில் 20 கோடு வரைக்கும் ரத்தத்தை உறிஞ்சி, ஆசிட்டில் விட்டு, சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் சேர்த்துக் கண்ணாடிக் குச்சியால் கலக்கி, பக்கத்திலிருந்த பழுப்பு நிறத்தோடு ஒப்பிட்டேன். வீட்டுக்குள் வெளிச்சம் இல்லை. வாசலுக்கு வந்து வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7 கிராம். உடனே படம் போட்ட அட்டைகளை எடுத்து உடல்நலக் கல்வியை ஆரம்பித்தேன். தினம் முருங்கைக்கீரை, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், வாரம் ரெண்டு நாள் ஈரல், பகலில் 2 மணி நேரம் ஓய்வு.

"பகல்ல படுத்தா கட்டைய யாரு அடுக்குவா?" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது. நான் அடுத்த அட்டைக்குப் போனேன்.

கிளம்பும்போது அந்த முட்டை, பால் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் போனால், சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது.

ரிக்கார்டு நோட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம். 'அறியாமை' என்று எழுதினேன். எல்லோரும் அதைத்தான் எழுதுவோம். அந்த ஒரு சொல்லுக்கு வாகாகத்தான் கட்டத்தின் அளவும் இருந்தது. 10-க்கு 8 போட்டார்கள். 2 மார்க் குறைந்தது பேப்பரைத் தப்பாக மடித்ததற்காக.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாலி குழாய் பழகுவதற்கு முதலில் எங்கள் விரலில்தான் குத்தினார்கள். எனக்கு 9. வகுப்பில் பாதிப் பேருக்கு 10-க்குக் கீழே. "ஒருத்திக்கும் ஒழுங்காக் கலக்கத் தெரியலை" என்று டியூட்டர் திட்டிவிட்டுத் திரும்பக் குத்தச் சொன்னார். திரும்பவும் 9.

அப்புறம் வேலை. ஊர் ஊராய்த் துணைச் சுகாதார நிலையம். சிலதில் கரண்ட் இல்லை, பலதில் கக்கூஸ் இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் 'கேஸ்' பிடிக்கச் சொல்லி இலக்கு வைத்து விரட்டினார்கள். 1996-இல்தான் அந்த இலக்கை எடுத்தார்கள். ஆனால் எதுவும் மாறவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். 1987-இல் முத்துலட்சுமி ரெட்டி பேரில் கர்ப்பிணிக்கு 300 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார்கள். நான் காட்டிய படங்களைவிட அந்த 300 ரூபாய் அதிக முட்டை வாங்கியது. 2018-இல் அது, நெய்யும் பேரீச்சையும் வைத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து, 18,000 ஆனது. வாசலுக்குக் குழாய் வந்தது. இப்போது கை கழுவ எத்தனை செம்பு வேண்டுமானாலும் ஊற்றலாம், யாரும் பானையைப் பார்க்க மாட்டார்கள்.

பேத்திக்கு ஒரு குடும்ப ஆய்வும் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவிலேயே ஒரு கர்ப்பிணி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். புருஷன் திருப்பூரில், பணம் வந்தால் உண்டு. இவள் மில் வேனில் போய் வந்து குடும்பம் நடத்துகிறாள். பேத்தி போனில் குப்புசாமி அளவுகோலை எடுத்தாள். 1976-இல் வந்தது, வருமானக் கணக்கை அவ்வப்போது திருத்துகிறார்கள். முதல் கேள்வி குடும்பத் தலைவர் படிப்பு. இரண்டாவது குடும்பத் தலைவர் தொழில். திருப்பூர்க்காரனுக்கு இரண்டிலும் மார்க் விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவளுடைய படிப்புக்கும் வேலைக்கும் கட்டமே இல்லை. அவள் டீ போட எழுந்து போனாள்.

ரத்தம் பார்க்க இப்போது ஒரு சொட்டுப் போதும். மெஷின் எண்ணைக் காட்டிவிடுகிறது: 8.4.

ராத்திரி பேத்தி எழுதியதை வாங்கிப் பார்த்தேன். காரணம் என்கிற இடத்தில் அரைப்பக்கம். கூலி, ஷிஃப்ட் நேரம், கடைசியில் சாப்பிடுவது, வீட்டில் முடிவெடுக்கும் உரிமை என்று ஒன்றையும் விடவில்லை. 'அறியாமை' என்ற சொல்லே இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குக் கீழே செவிலியர் செய்த பணி என்று ஒரு வரி: முருங்கைக்கீரை, முட்டை, பேரீச்சை, போதிய ஓய்வு பற்றித் தாய்க்கு உடல்நலக் கல்வி அளிக்கப்பட்டது.

"இவ்வளவு காரணத்தையும் எழுதிட்டு, மருந்த மட்டும் அவ காதுலயே ஊத்திட்டு வந்திருக்கியே?" என்றேன்.

"ஃபார்மேட் அப்படி, அம்மாச்சி."

அவளுடைய 17-வது ஸ்லைடில் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019-21: தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில். அதே ஸ்லைடில் கீழே, கர்ப்பிணிகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 48.3 சதவீதம். "முதல் வரியை எவ்வளவு நேரம் பேசுவ, ரெண்டாவது வரியை எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். மொத்தமே 10 நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்களாம்.

மெஷின் மேஜையில் கிடந்தது. "உனக்குப் பாத்தியா?" என்றேன். வகுப்பில் பார்த்தார்களாம், 9.6.

"மெஷின்ல பேட்டரி வீக்குன்னு மேம் சொன்னாங்க."

முருங்கைக்கீரை என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். அவர்களை ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கூட்டிப்போகிற காலேஜ் பஸ் 6.30-க்குக் கிளம்புகிறது. ஹாஸ்டல் மெஸ் திறப்பது 7 மணிக்கு.