சேனாபதிக்கு வயசு கேக்காதே

தம்பி, பழைய படம் ஒண்ணுக்கு ரெண்டாம் பாகம் எழுதியிருக்கேன்னு காகிதக் கட்டோட வந்து நிக்கிறியே, ரொம்ப சந்தோஷம். நல்லா எடு. பால்மரம் வெட்டின கை, பேனா பிடிச்ச கைக்குப் புத்தி சொல்லலாமா? இருந்தாலும் கேட்டுட்டே, தொழில் ரகசியம் சொல்றேன். நம்ம ஊர் குளுவாங்கைத் தாண்டி வெளிய விட்டுடாதே.

கதாநாயகனுக்கு வயசாகும்ங்கிறதை மொதல்ல மறந்துடணும். 'இந்தியன்' சேனாபதி நேதாஜி படையில இருந்தவரு. அந்தப் படை நமக்கு வெறும் சினிமா இல்லப்பா. 1943ல நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு, மலாயா தோட்டங்கள்ல பால் வெட்டிக்கிட்டிருந்த நம்ம சனங்க எத்தனையோ பேரு வாளியைக் கவுத்து வச்சுட்டுத் துப்பாக்கி தூக்கப் போனாங்க. பொம்பளைங்களுக்கு ஜான்சி ராணி படைன்னு தனியாவே இருந்துச்சு. போய்த் திரும்பின பெருசுங்களை நான் பாத்திருக்கேன். 1996ல 'இந்தியன்' வந்தப்பவே அவுங்களுக்குப் படியேறக் கைத்தாங்கல் வேணும். சரி, வர்மம் தெரிஞ்ச தாத்தா, ஓடுவாருன்னு ஒத்துக்கிட்டோம். 2024ல 'இந்தியன் 2' வருது. இருபது வயசுல படையில சேர்ந்திருந்தாலும் நூறைத் தாண்டியாச்சு. மனுசன் ஒத்தைச் சக்கர வண்டியில பறக்குறாரு! எனக்கு குனோங் லம்பாக் மலை அடிவாரத்தைப் பாத்தாலே முட்டி வலிக்குது.

வயசுகூடக் கிடக்கட்டும். முதல் படத்துல மகன் சந்துரு காசு வாங்கிட்டு, பிரேக் சரியில்லாத பஸ்ஸை ஓடவிட்டான். பள்ளிக்கூடப் பிள்ளைங்க செத்துச்சுங்க. பெத்த அப்பனே கத்தியை எடுத்தான். அதுக்கு மேல செய்ய ஒரு அப்பனுக்கு என்ன மிச்சமிருக்கு? கடைசியில வெளிநாட்டிலேருந்து சேனாபதி ஒரு போன் பண்ணுவாரு, நெசம்தான். அது லஞ்சம் வாங்குறவன் வயித்தைக் கலக்குறதுக்கு அடிச்ச போனு. இருபத்தெட்டு வருசம் கழிச்சு யாருய்யா அதை எடுத்து 'ஹலோ' சொல்லச் சொன்னது? எடுத்தும் என்னாச்சு, லஞ்சம் வாங்குற வேற ஒரு அப்பனை அவன் மகன் பிடிச்சுக் கொடுக்குறான். தலைகீழாத் திருப்பிப் போட்டாச்சு, அவ்வளவுதான். வெளியான சில நாள்லயே 12 நிமிசத்தை வெட்டினாங்க பாரு, கத்திரி பிடிச்ச அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும். போதாததுக்கு, முடிஞ்சிதுன்னு எந்திரிச்சா மூணாம் பாகத்துக்கு டிரைலர் ஓடுது!

நம்ம ரயில் ஸ்டேஷன் காப்பிக்கடையைப் பாரு. 1938லேருந்து ஊத்துறாங்க. வேற ஊர்லயும் கிளை திறந்தாச்சு. எங்கேயாவது 'காப்பி 2'ன்னு போர்டு பாத்திருக்கியா?

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. ரெண்டாம் பாகமே ஆகாதுன்னு நான் சொல்லலை. மலையாளத்துல 2013ல 'திரிஷ்யம்' வந்துச்சு. படம் முடியுது, கதாநாயகன் ஜார்ஜ்குட்டி புதைச்ச பொணம் போலீஸ் ஸ்டேஷன் தரைக்குக் கீழ கிடக்குது. அதை வச்சுக்கிட்டு அந்த ஆளுக்கு எப்படித் தூக்கம் வரும்? பாத்த நமக்கே வரலையே. அதனால 2021ல ரெண்டாவது வந்தப்ப யாரும் ஏன்னு கேக்கலை. உன் கதையில அப்படி ஏதாவது புதைஞ்சு கிடந்தா தோண்டு. வெறும் தரையைத் தோண்டினா முதுகுவலிதான் மிச்சம்.

என்னது, எடுக்கப் போறது 'கபாலி 2'வா? அடேங்கப்பா! நம்ம மலேசியா நாட்டுக் கதைதான், எடுக்க வேண்டியதுதான். 2016ல தமிழ்நாட்டுல அந்தப் படம் துப்பாக்கிச் சத்தத்தோட முடிஞ்சுது. கபாலியைச் சுட்டாங்களா, அவரு செத்தாரான்னு அங்க ஆளாளுக்கு மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. கபாலி போலீஸ்ல சரணடைஞ்சிட்டாருன்னு இங்க திரையிலயே எழுத்துப் போட்டு முடிச்சு வச்சுட்டாங்க. ஆகையினால தம்பி, தயாரிப்பாளரைப் பிறகு தேடிக்கலாம். மொதல்ல ஒரு நல்ல வக்கீலாப் பாத்து, அந்த மனுசனுக்கு ஜாமீன் எடு.