பைலட்டுக்கும் ரெண்டு கண்தானே, மகன்

"பைலட் பொய் சொல்லுவாரா மூத்தாப்பா?" எண்டு கேக்காய். சொல்லமாட்டார் மகன். இந்தப் பறக்கும் தட்டுக் கதையத் தொடக்கி வெச்ச மனிசனும் பொய் சொல்லல்ல.

1947 ஜூன் 24. அமெரிக்காவில ரெய்னியர் மலைப்பக்கம், விழுந்து காணாமப்போன ராணுவ விமானமொண்டைத் தன்ட சின்னப் பிளேன்ல தேடித் திரிஞ்சார் கென்னத் ஆர்னல்ட். கண்டுபிடிச்சா 5,000 டொலர் சன்மானம். தொலைஞ்சது கிடைக்கல்ல, ஒருத்தரும் தொலைக்காத ஒன்பதைக் கண்டார்! மினுமினுத்துக்கு வரிசையாப் போச்சுதாம். ஒரு மலையில இருந்து அடுத்த மலைக்குப் போன நேரம் 1 நிமிசம் 42 செக்கன். கணக்குப் பார்த்தா மணிக்கு 2,700 கிலோமீற்றர். ஒலியை முந்தின பிளேனே அப்ப இல்ல.

மணிக்கூடு சரி. தூரம்? அதுகள் அவருக்கு எவ்வளவு எட்டத்தில போச்செண்டது அவர் மட்டுக்கட்டினது. சாமான் எவ்வளவு பெரிசெண்டு தெரியாட்டி தூரம் தெரியாது, தூரம் தெரியாட்டி வேகம் எங்கால? வட்டைக் காவலுக்கு வந்து பரணில இருந்து பாரு: கிட்டத்து மின்மினியும் எட்டத்து டோர்ச்சும் ஒரே அளவுதான்.

தண்ணியில வீசின பீரிசு தத்தித் தத்திப் போறமாதிரி ஓடிச்செண்டு அவர் ஓட்டத்தைத்தான் சொன்னதாம். பேப்பர்காரனுகள் அதையே உருவமாக்கிப் 'பறக்கும் தட்டு' எண்டு போட்டானுகள். மறுகா கண்டவனெல்லாம் தட்டுத்தான் கண்டான்.

ஹைனெக் எண்டொரு வானியல் பேராசிரியர், அமெரிக்க விமானப்படைக்காக இந்த முறைப்பாடெல்லாம் துருவினவர். பைலட்மார் சாட்சிக்கு அவ்வளவு திறமில்லெண்டு 1977ல எழுதி வெச்சார். எனக்கு அது புதினமில்ல. முந்நூறு உசிரைச் சுமந்துக்குப் போறவன், முன்னால வெளிச்சம் தெரிஞ்சா மோதிருமோ எண்டு பார்ப்பானா, நட்சத்திரமா எண்டு ஆராய்வானா?

நம்மட பக்கத்து நாட்டுக் கதையும் கேளு. லடாக் எல்லையில 2012 ஓகஸ்டில இருந்து ஆறேழு மாசம், சீனாட உளவு ட்ரோன் எண்டு இந்தியப் பட்டாளம் 329 தரம் எழுதி வெச்சிச்சு. வானியல் ஆக்கள் வந்து பார்த்தா ஒண்டு வியாழன், மத்தது வெள்ளி. சிரிக்காத. சுபஹுக்கு எழும்பினாத்தானே விடிவெள்ளி எதெண்டு உனக்குத் தெரியும்? நீ எழும்புறது லுஹருக்கு.

நாளைக்கு நீயும் ஏதும் கண்டா, ஒரு தென்னமரத்தோட நேர்பிடிச்சு, நகருதா எண்டு பாரு. கல்முனையில இருக்கிற மச்சானுக்குக் கோல் எடுத்து, அவனுக்கு எந்தத் திசையில தெரியுதெண்டு கேளு. ரெண்டு பேருக்கும் ஒரே திசையெண்டா, அது நம்மட ஊரைத் தேடி வந்ததில்ல. அதுக்கு முந்தி முகநூல்ல மட்டும் போட்டுராத. போட்டாயெண்டா மத்தியமுகாமில பீரிசு காண்பானுகள், சாளம்பைக்கேணியில கோப்பையோட காண்பானுகள், கதை கிட்டங்கியத் தாண்டுறதுக்குள்ள தேத்தண்ணியும் ஊத்திருவானுகள்.