குள்ள ஆடும் முகம் பார்க்கும் கலையும்: ஓர் ஆய்வு

விலங்குகளின் அறிவைத் தரம் பிரித்த பெரியவர்கள் யானைக்கும் காகத்துக்கும் டால்பினுக்கும் முன்வரிசையில் நாற்காலி போட்டுவிட்டு, ஆட்டை மட்டும் பிரியாணிப் பந்திக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அநீதியைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உயிர், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைகள் வழியாக இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் குடியேறிவிட்ட குள்ள ஆடு. உயரம் நம் முழங்காலுக்குச் சற்று மேல். வயிறு பீப்பாய். கண்மணி படுக்கைவாட்டில் வைத்த செவ்வகம். இந்தக் கண்ணை வாசகர் மறந்துவிட வேண்டாம். வழக்கே அதில்தான் இருக்கிறது.

நமது கருதுகோள்: பெட்டியைத் திறக்கத் தெரிவது பாதி அறிவு. திறக்காதபோது யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரிவதே முழு அறிவு.

பெட்டியை முதலில் முடித்துவிடுவோம். கென்ட் மாவட்டத்தில் உள்ள ஆட்டுக் காப்பகம் ஒன்றில் பல இன ஆடுகள் 12-க்குப் பரீட்சை வைத்தார்கள். முடிவு 2014-இல் வெளியானது. நெம்புகோலை முதலில் இழுத்து, பிறகு மேலே தூக்கினால்தான் தீனி கிடைக்கும். 9 ஆடுகள் தேறின. 10 மாதம் கழித்து அதே பெட்டியை நீட்டியபோதும் பாடம் மறக்கவில்லை. தேறாதவற்றில் இரண்டு, இந்தச் சடங்கெல்லாம் எதற்கென்று கொம்பாலேயே குறுக்குவழி தேடியவை. அவற்றைத் தோற்றவர் பட்டியலில் சேர்த்தது சரியா என்பதில் நமக்கு ஆழ்ந்த ஐயம் உண்டு.

இனி முகம். 2016-இல் வெளியான ஆய்வில், மூடியைத் தள்ளித் தீனி எடுக்கப் பழகிய ஆடுகளுக்குக் கடைசியில் திறக்கவே முடியாத மூடியை வைத்தார்கள். ஆடுகள் முட்டிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து பக்கத்தில் நின்ற மனிதரைப் பார்த்தன. அவர் முதுகைக் காட்டி நின்றபோது பார்வை குறைந்தது. முகத்தைக் காட்டி நின்றபோது கூடியது. முதுகிடம் மனுக் கொடுத்துப் பயனில்லை என்பது நம்மில் பலருக்கு ஓய்வு பெறும் வயதில்தான் விளங்குகிறது. 2018 ஆய்வு இன்னும் நுட்பமானது: சிரித்த முகப்படத்தையும் கடுகடுத்த முகப்படத்தையும் மாட்டி வைத்தால், ஆடுகள் சிரித்த படத்தையே நாடின. ஆனால் அந்தப் படம் வலப்பக்கம் இருந்தால்தான்! இதில் ஏதோ வாஸ்து இருக்கிறது; அது தனி ஆய்வுக்குரியது.

இவை எல்லாம் பொதுவான ஆடுகள். குள்ள ஆட்டுக்கு என்ன தனிச்சிறப்பு என்று எதிர்த்தரப்பார் கேட்கக்கூடும். 2012-இல் குள்ள ஆட்டுக் குட்டிகளின் குரலைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஒரே கூட்டத்தில் வளர்ந்த குட்டிகளின் கத்தல் ஒன்றைப்போல் ஒன்று மாறியிருந்தது. கோவை விடுதியில் சேர்ந்த மதுரைப் பையன் அரைப்பரீட்சை லீவுக்கு வீட்டுக்கு வந்து ‘ஏனுங்க’ போடுகிற சங்கதிதான் இது. அதே ஆண்டின் இன்னொரு ஆய்வில், பால் மறந்து 7 மாதத்துக்கும் மேல் பிரிந்திருந்த குட்டியின் குரலை ஒலிபெருக்கியில் கேட்ட தாய் ஆடு, அது தன் குட்டி என்று கண்டுகொண்டது.

‘சட்டையைத் தின்கிற ஜந்துவுக்கு அறிவா?’ என்பது மிகப் பழைய ஆட்சேபம். கிட்ட நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மேலுதடு விரலைப்போல் வளைந்து சட்டைப் பொத்தானைத் தடவும், விளிம்பைச் சோதிக்கும், ஒதுக்கிவிட்டு அடுத்த பொத்தானுக்குப் போகும். மேல்வரிசையில் முன்பல்லே இல்லாத பிராணி இத்தனை பக்குவமாகத் துணியை ஆராய்வதை எந்த ஜவுளிக்கடையிலும் காண முடியாது. பிடிக்காத வைக்கோலைத் தரையில் சிந்திவிட்டு, சிந்தியதைத் திரும்பியும் பார்க்காது. தின்பண்ட விஷயத்தில் அது சைவப் பெரிய வீட்டு மாமியார்.

இவ்வளவுக்கும் பிறகு வாங்க ஆசைப்படுகிற இங்கிலாந்துத் தமிழர்கள் கவனிக்கவும். செல்லப்பிராணி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரே ஆடானாலும் நிலத்துக்கு அரசிடம் பதிவெண் வாங்கியாக வேண்டும். ஒற்றை ஆடு நாள் முழுக்கக் கத்தும், ஆகவே இரண்டாக வாங்குங்கள். தோட்டத்தில் ரோடோடென்ட்ரான் செடியோ யூ மரமோ இருந்தால் ஆடு எட்டாதபடி முதலில் வேலி போடுங்கள். இரண்டும் ஆட்டுக்குக் கொடிய நஞ்சு.