கொஞ்சம் தள்ளி நில்லுங்க!

வீட்டுக்கு ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வந்துவிட்ட செய்தி, அதன் பேட்டரி முதல் முறை சார்ஜ் ஏறி முடிவதற்குள் சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிடுகிறது. பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பெரியம்மா மகன் அன்று மாலையே போனில் வந்தான். "பெரிய கேமரா ஒண்ணு வாங்கியிருக்கியாமே?" என்றான். அந்த 'யாமே'க்குள் அவன் பிள்ளையின் காதுகுத்து உட்கார்ந்திருந்தது.

நான் வாங்கியது கேனன் 1500டி. கூடவே எல்லாரிடமும் இருக்கும் அந்த 18–55 கிட் லென்ஸ். கடைக்காரர் ஒரு பையும் துடைக்கும் துணியும் இலவசமாகக் கொடுத்தார். இந்தப் பொழுதுபோக்கில் இலவசம் அத்தோடு முடிந்தது. ஃபில்டர், ட்ரைபாட், இன்னொரு மெமரி கார்டு என்று ஒவ்வொன்றாக வரும். வீட்டில் விலை கேட்டால் பாதியைச் சொல்ல வேண்டும் என்பதுதான் போட்டோகிராபியின் முதல் பாடம். எந்த யூடியூப் வாத்தியாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

முதல் ஆட்சேபம் மச்சினனிடமிருந்து வந்தது. "என் போன்லயே நூத்தியெட்டு மெகாபிக்சல் மாமா. உங்களது எவ்வளவு?"

"இருபத்திநாலு."

"அவ்வளவுதானா? நல்லா ஏமாத்திட்டாங்க."

அவன் போனுக்குள் இருக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவு, என் கேமராவில் இருப்பதோ 22-க்கு 15 மில்லிமீட்டர், வெளிச்சம் வாங்கும் பரப்புதான் முக்கியம் என்று விளக்கினேன். 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த டிஜிட்டல் கேமராவில் மொத்தமே பத்தாயிரம் பிக்சல்தான், எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல், ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது என்றும் எடுத்துச் சொன்னேன். "அதான் அந்தக் கம்பெனி திவாலாச்சு" என்றான். 2012-இல் அவர்கள் திவால் மனு போட்டது உண்மையாகையால் நான் மேலே வாதாடவில்லை.

கேமராவின் தலையில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதில் பச்சையாக இருப்பது ஆட்டோ. அங்கே வைத்துவிட்டால் எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும். இருட்டு என்று அதற்குத் தோன்றினால் ஃபிளாஷ் தானாக எழுந்து நிற்கும், எதிரே கற்பூர ஆரத்தி நடந்துகொண்டிருந்தாலும் சரி. அலுவலகத்தில் ஒரு மூத்த கேமராக்காரர் என் சக்கரம் பச்சையில் நிற்பதைப் பார்த்து முகம் சுளித்தார். "எம்-ல எடுக்காதவன் போட்டோகிராபரே இல்ல சார்."

எம் என்றால் மேனுவல். லென்ஸ் துவாரமான அபெர்ச்சர், ஷட்டர் வேகம், சென்சாரின் உணர்திறனான ஐஎஸ்ஓ மூன்றையும் நாமே வைக்க வேண்டும். மூன்றையும் வைத்து நிமிர்வதற்குள் எதிரே இருக்கும் குழந்தை சிரித்து முடித்து, அழுது முடித்து, தூங்கியும் போய்விடும். அவர் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கோபுரம், மலை, வாசல் கோலம். அசையாதது எதையும் எம்-இல் எடுக்கலாம்தான். எனக்கு ஏவி போதும். அபெர்ச்சரை நான் சொல்வேன், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். சொந்தக்காரர்களுக்கு நடுவில் வாழ்பவனுக்கு அந்த அளவு அதிகாரமே ஜாஸ்தி.

புதிதாகக் கேமரா வாங்கிய சென்னைக்காரன் தப்ப முடியாத தலம் வேடந்தாங்கல். டிசம்பர் விடியலில் ஏரிக்கரையில் நின்றால் தண்ணீருக்குள் மரங்கள், மரம் கொள்ளாமல் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை. கண்ணுக்கு அத்தனையும் தெரிகிறது. 55 மில்லிமீட்டர் லென்ஸுக்குத் தெரிவது மரம், மரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ. பக்கத்தில் 600 மில்லிமீட்டர் லென்ஸை நிறுத்தியிருந்தவர் என்னையும் என் லென்ஸையும் பார்த்துவிட்டு, "சீனரி எடுக்க வந்தீங்களா சார்?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

லென்ஸ் ஆசை தலைக்கேறும்போது மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்வது உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர்களைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதியவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தைத்த தன் கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று தானே பெயர் வைத்து, அதைக் கொண்டு கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். யானையை அவரால் நெருங்க முடிந்தது. வேடந்தாங்கல் நாரையை நெருங்க நீச்சல் தெரிய வேண்டும். தெரிந்தாலும் வனத்துறை விடாது. எனவே பறவைகளை விட்டுவிட்டு, நெருங்க அனுமதிக்கும் ஜீவராசியான மனிதர்களை எடுக்க 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கினேன். என் கேமராவின் சென்சாரில் அது 80 மில்லிமீட்டர் போல இழுத்துக் காட்டும். ஹாலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை முழு உருவமாக எடுக்க வேண்டுமென்றால் நான் சமையலறையில், ஸ்டவ்வுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்த லென்ஸோடுதான் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போனேன். மண்டபத்தில் காசு வாங்கிய குழு ஏற்கெனவே இறங்கியிருந்தது. ஸ்டில்லுக்கு ஒருவர், கேண்டிடுக்கு ஒருவர், வீடியோவுக்கு இருவர், கூரைக்கடியில் ட்ரோன் விட ஒரு பையன். அவர்கள் ஐவரும் அன்று என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்: "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க." தள்ளி நிற்கலாம். ஆனால் தள்ளி நின்ற இடத்தில் பந்திக்கு ஓடுகிறவர்கள் இடிக்கிறார்கள்.

எஸ்எல்ஆரில் ஒரு விசித்திரம் உண்டு. லென்ஸ் காணும் காட்சி உள்ளே ஒரு கண்ணாடியில் பட்டுத்தான் நம் கண்ணுக்கு வருகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி வெளிச்சத்தை சென்சாருக்கு அனுப்பும். எல்லாருக்கும் பிடித்த அந்த 'டக்' சத்தம் அதனுடையது. அந்த நொடிப்பொழுதில் வியூஃபைண்டர் இருண்டுவிடும். ஆக, நாத்தனார் மூன்றாவது முடிச்சு போட்ட கணத்தை மண்டபத்தில் பார்க்காத ஆள், அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்த நான்தான்.

மண்டப வெளிச்சம் போதாததால் அபெர்ச்சரை 1.8-இல் திறந்து வைத்திருந்தேன். எஃப் எண்ணில் கணக்கு தலைகீழ். எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும். துவாரம் பெருத்தால் வெளிச்சம் நிறைய வரும், ஆனால் துல்லியமாகத் தெரியும் ஆழம் சுருங்கிவிடும். பெண்ணின் இமை முடியை எண்ணலாம். காதுக்கு அந்தப் பக்கம் எல்லாம் மசமசவென்று கரைந்துபோகும். படம் எடுப்பவர்கள் இதை போக்கே என்று கொண்டாடுகிறோம். சித்தி கொண்டாடவில்லை.

"பின்னாடி எல்லாம் ஏன்டா கலங்கலா இருக்கு?"

"அதுதான் சித்தி அழகு."

"ஒன்றரை லட்சம் கொட்டி ஸ்டேஜ் டெக்கரேஷன் போட்டாரு உங்க சித்தப்பா. அது எங்க?"

அடுத்த படம் சீர்வரிசை. முதல் தட்டில் இருந்த தேங்காய் நார் நாராகத் தெரிந்தது. பின்னால் இருந்த தட்டுகள் எத்தனை, அவற்றில் இருந்தது ஆப்பிளா அல்வாவா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சம்பந்தி வீட்டில் நாளைக்குக் குறைத்து எண்ணினால் சாட்சிக்கு இந்தப் படம் உதவாது என்று சித்தி தீர்ப்பு சொன்னாள்.

குடும்பப் படம் இன்னும் மோசம். முன்வரிசை பளிச். பின்வரிசையில் நின்ற பெரியப்பாவுக்கு மூக்கு இருந்தது என்பதைப் பழக்கத்தால் ஊகிக்கலாம். "சொத்துப் பிரிக்கும்போதே பார்த்தேன். இந்த வீட்ல நான் எப்பவும் பின்னாடிதான்" என்றார். சமாதானப்படுத்த, "எஃப் எட்டுல வச்சு, ஐஎஸ்ஓவை ஏத்தியிருந்தா நீங்களும் தெளிவா விழுந்திருப்பீங்க பெரியப்பா" என்றேன்.

"அப்ப தெரிஞ்சேதான் பண்ணியிருக்கே."

ஒரே ஒரு படம் எல்லாருக்கும் பிடித்திருந்தது: பாட்டி வெற்றிலை மடித்தபடி சிரிக்கும் படம். "பாரு, எவ்வளவு நல்ல கேமரா!" என்றார்கள்.

பிரெஞ்சுக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950-இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். அவரும் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான் வைத்திருந்தார். ஆட்டோஃபோகஸ் கிடையாது. முதுகில் திரையும் கிடையாது என்பதால், "எடுத்ததைக் காட்டு" என்று யாரும் அவர் கேமராவைப் பிடித்து இழுத்திருக்க முடியாது. அவர் மேல் எனக்கு உள்ள பொறாமை எல்லாம் இதற்காக மட்டுமே.

சென்னைக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏசி அறையில் தூங்கிய கேமராவை விடிகாலையில் நேராக மெரினாவுக்குக் கொண்டுபோனால் லென்ஸ் வியர்த்துவிடும். அது தெளிவதற்குள் சூரியன் நடைப்பயிற்சிக்காரர்களின் தலைக்கு மேல் வந்திருக்கும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியே வைத்திருந்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் லென்ஸில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது நல்லது. நான் கேட்ட டப்பாவை மனைவி தரவில்லை, பழைய பலகார டப்பாவைத் தந்தாள். என் கேமராவில் இப்போதும் லேசாக ஓமப்பொடி வாசனை அடிக்கும்.

எல்லாரும் அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் போய்க்கொண்டிருப்பதால், டிஎஸ்எல்ஆர் வாங்க ஆசையிருந்தால் பழையதாகவே வாங்கலாம், விலை குறைவு. ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள், லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். முக்கியமாக, ஆடி மாதத்தில் வாங்குங்கள். முகூர்த்தம் கிடையாது. ஒரு மாதம் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆவணி பிறப்பதற்குள் எஃப் எட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.