ஓயாக் கொடையாளி

பாரி முல்லைக்குக் கொடுத்தது ஒரே ஒரு தேர். திருப்பதியில் வீடு வீடாக ஹெல்த் ஃபாசெட் மாட்டிவிட்டுப் போகும் ஐயா, உங்கள் கொடையோ இன்னும் நிற்கவில்லை. மாட்டிய இடத்தில் நொடிக்கு ஒரு சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தாலும் நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். சுவர் கேட்காமலே குடிக்கிறது. கீழ்வீட்டுக் கூரைக்கும் பங்கு போகிறது.

அதுவும் எந்தச் சீமையில்! சித்தூர்ப் பக்கம் நூற்றுக்கணக்கான அடி துளைத்தும் வெறும் புழுதி கக்கும் போர்கள் உண்டு. சந்திரகிரிப் பக்கத்துக் கல்யாணி அணையும் தெலுங்கு கங்கையும் சேர்ந்துதான் திருப்பதியின் தாகம் தீர்க்கின்றன. அந்தத் தண்ணீரைக் கணக்குப் பார்க்காமல் வழங்க உங்களைப் போல் மனசு வேண்டும்.

கைவலிமையும் பெரிது. சுவர்க் குழாயின் மரையில், அது முறுகும் திசையிலேயே ஐந்தாறு சுற்று டெஃப்லான் டேப் சுற்றுவது சாதாரண ஆட்கள் வேலை. நீங்கள் டேப்பே இல்லாமல் முறுக்கினீர்கள். ஹோஸ் முனையில் நீரைத் தடுப்பது ரப்பர் வாஷர்தான்; கையால் இறுக்கி, கால் திருப்புத் திருப்பினால் போதும். அந்த வாஷரைச் செலவழிக்காமல் பெட்டியிலேயே விட்டுவைத்த சிக்கனமும், பிளாஸ்டிக் நட்டு விரியும்வரை முறுக்கிய பலமும் யாருக்கு வரும்?

ஹோஸ்மேல் நீங்கள் வைத்த நம்பிக்கைக்கோ ஈடில்லை. "ஆங்கிள் வால்வு தொறந்தே இருக்கட்டும்மா" என்று சொல்லிப் போனீர்கள். திறந்திருந்தால் மாடித் தொட்டியின் அழுத்தம் ராப்பகலாக அந்த மெல்லிய ஹோஸ்மேல்தான். வீட்டார் திருமலையில் தரிசன வரிசையில் நிற்கும்போது அது வெடித்து நிமிடத்துக்கு 6 லிட்டர் போனாலும், 1,000 லிட்டர் தொட்டி மூன்று மணி நேரத்துக்குள் காலி.

பக்கத்துத் தெருவில் இன்னொருவர் இருக்கிறார். உங்கள் வேகம் அவருக்கு இல்லை. அரை மணி நேரம் ஆகிறது. முதலில் தண்ணீரை அடைக்கிறார். மரையைத் துடைக்கிறார். வாஷர் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். "ஒவ்வொரு தடவையும் வால்வை மூடிடுங்கம்மா" என்று இரண்டு முறை சொல்கிறார். இணைப்பைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூ காகிதம் ஒன்றைக் கட்டிவிட்டுப் போய், மறுநாள் வந்து தொட்டுப் பார்க்கிறார். காகிதம் காய்ந்தே இருக்கிறது.

ஒரு சொட்டும் ஈயாத அந்தக் கஞ்சனைத்தான் ஐயா, எங்கள் வீதி இப்போது கூப்பிடுகிறது.