சாலு, சாலது

வங்கித் தேர்வுக்குப் படிக்கிற சித்தூர், திருப்பதித் தமிழ்ப் பிள்ளையிடம் கணக்கு கேட்டால் விடையாக எண் வராது. 'சாலு' என்றோ 'சாலது' என்றோதான் வரும். தெலுங்கில் போதும், போதாது. (பழந்தமிழிலும் 'சாலும்' உண்டு என்றால் நம்பமாட்டார், சிலபஸில் இல்லை.) 'தரவு போதுமா' என்று கேட்கிற டேட்டா சஃபிஷியன்ஸி கேள்விகள் வளர்த்த பிள்ளை அவர். கேள்வி ஒன்று, கூற்று இரண்டு. முதல் கூற்றே போதுமா, இரண்டாவதே போதுமா, இரண்டில் எது இருந்தாலும் சரியா, இரண்டும் சேரவேண்டுமா, சேர்ந்தும் போதாதா? ஐந்தில் ஒன்றைத் தட்டிவிட்டு நகரவேண்டும். விடையைக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பவர் நேரத்தைத் தொலைத்தவர்.

கணக்கே போடாமல் கணக்கில் மார்க்கா என்று வீட்டுப் பெரியவர்கள் முனகுவார்கள். அவர்கள் ஒரு டீக்கடை பில்லைப் பார்க்கட்டும். டீ 12 ரூபாய், போண்டா 7 ரூபாய், மொத்தம் 50. எத்தனை டீ, எத்தனை போண்டா? பள்ளிக்கூடப் பாடத்தை நம்புகிறவர், 'தெரியாதது ரெண்டு, சமன்பாடு ஒன்று, சாலது' என்பார். நம்மவருக்குச் சிரிப்பு வரும். அரை டீ, கால் போண்டா என்று யார் கேட்கப்போகிறார்கள்? எல்லாம் இயல் எண். ஒரு டீயைக் கழித்தால் 38, இரண்டைக் கழித்தால் 26. இரண்டும் ஏழாம் வாய்பாட்டில் இல்லை. மூன்றைக் கழித்தால் 14, இருக்கிறது. நான்கைக் கழித்தால் மிச்சம் 2. வழி ஒன்றே ஒன்று, சாலு! போண்டா எத்தனை என்று கடைக்காரர் கேட்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். இதேபோல், ஓர் எண்ணின் வர்க்கம் 49 என்றால் மைனஸ் ஏழும் எட்டிப் பார்க்கும். 'இயல் எண்' என்று கேள்வியில் ஒரு சொல் இருந்தால் அதற்குக் கதவைச் சாத்தியாயிற்று. அந்தச் சொல்லைப் படிக்காமல் தாண்டியவர் அடுத்த வருஷமும் ஃபீஸ் கட்டுவார்.

ஊரும் இந்தப் புத்திக்குத் தோதாகத்தான் இருக்கிறது. 'தாத்தா சித்தூர் ஜில்லாவில் பிறந்தவர்' என்றால், அவர் ஊர் இப்போது எந்த மாநிலம், எந்த மாவட்டம்? வட ஆர்க்காடு, கடப்பை முதலியவற்றில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து 1911இல் கட்டிய ஜில்லா அது. 1960இல் அதிலிருந்து திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டது. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. ஜில்லா பெயர் மட்டும் சாலது.

தேர்வோடு முடிகிற வித்தை, வேலைக்கு உதவுமா என்று கேட்பார்கள். அந்த வேலையே இதுதான் ஐயா! கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆதார் மட்டும் போதாது, பான் மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்தால் போதும் என்று சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது. சேர்ந்தும் போதாத நாளும் உண்டு. அதற்குத்தான் ஐந்தாவது விடை. கஷ்டம் பெண் பார்க்கப் போகும்போதுதான். மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், 'ஸ்கேலும் சர்வீஸும் தெரிந்தால் சாலு' என்று சொல்லிவிட்டு மிக்ஸரைக் கொறிப்பார். கூட்டிப் பார்க்கிற வேலை பெண் வீட்டாருடையது.