பால்காய்ப்பு எப்போ?

எங்கள் குமரி மாவட்டத்தில் வீடு கட்டுகிறவனுக்குச் சாக்குப்போக்குக்குப் பஞ்சம் கிடையாது. தமிழ்நாட்டில் பலருக்கும் மழைக்காலம் ஒன்று, எங்களுக்கு இரண்டு. இடவப்பாதி பிறந்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. கொஞ்சம் வெயிலடிக்கிறதே என்று மணலைச் சலிக்கப் போட்டால், அக்டோபரில் வடகிழக்கு வந்து டிசம்பர் வரை உட்கார்ந்திருக்கும். மழை விட்டால் திருவிழா. சுசீந்திரம் மார்கழித் தேர், கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, ஓணம், பெருநாள், கிறிஸ்துமஸ். மாசி சிவராத்திரிக்குக் கையில் விசிறியோடு 12 சிவாலயம் ஓடப் போகிறவர்கள் வேறு. நவம்பர் 1 தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள். அதற்கும் உள்ளூர் விடுமுறை. கொத்தனார் எந்த மதம் என்று பார்த்து லீவு கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். எல்லார் திருவிழாவுக்கும் எல்லாரும் போவார்கள்.

இத்தனை வசதியும் இருந்தது. அத்தனையையும் நான் ஊராருக்குச் சொல்லவும் செய்தேன். பூதப்பாண்டி போகிற வழியில் எங்கள் மனையைத் தாண்டிப் போகிற யாரும் "பால்காய்ப்பு எப்போ?" என்று கேட்காமல் போனதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் கொடுத்தேன். நிஜக் காரணத்தை மட்டும் வெளியே விடவில்லை. அது நான்தான்.

கையில் பணமும் தலையில் தெளிவும் இருந்தால், 1,200 சதுர அடியில் ஒரு தரைத்தள வீட்டை எட்டுப் பத்து மாதத்தில் முடித்துவிடலாம் என்பார்கள். பணத்துக்கு வங்கிக்காரர்கள் ஏற்பாடு செய்தார்கள். தெளிவுக்கு யாரும் கடன் தருவதில்லை.

முதலில் வாஸ்து நாள். வாஸ்து புருஷன் ஆண்டில் 8 நாள்தான் கண் விழிப்பாராம், அதுவும் ஒன்றரை மணி நேரம். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் விழிக்கவே மாட்டார். அவர் எழுந்த ஒரு நாளில் நான் தயாராக இல்லை. பிளானில் அடுக்களையை எங்கே வைப்பது என்று அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தேன். அவர் பல் தேய்த்துச் சாப்பிட்டு வெற்றிலை போட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துவிட்டார். ஜோசியர் கணக்குப்படி அடுத்த நல்ல நாளுக்குக் காத்திருந்தோம். ஊராரிடம், "நாள் அமையல்ல" என்றேன்.

அதன்பிறகு நாட்டின் வரலாறே எனக்குக் கை கொடுத்தது. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. மாடிப்படி உள்ளே வேண்டுமா வெளியே வேண்டுமா என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, சிமென்டுக்கு 28 சதவீதம். "வெல ஒரு நெலைக்கு வரட்டும்" என்று பொருளாதார நிபுணரைப் போலத் தலையாட்டினேன். படி இன்னும் முடிவாகவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 30-ல் ஒகி புயல். மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் சாய்ந்து, கரண்டு கம்பம் விழுந்து, பல இடங்களில் நாள்கணக்கில் இருட்டு. எங்கள் வீட்டில் ஒரு ஓடுகூடப் பறக்கவில்லை. ஓடு போடும் உயரத்துக்கு வீடு வளரவில்லை என்பதுதான் அதன் ரகசியம். கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் கடற்கரை ஊர்கள் கதறிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், "புயலால எனக்கும் பெரிய பாதிப்பு" என்று ஒரு கல்யாண வீட்டில் சொன்னேன். நனைந்தது சில சிமென்ட் மூட்டைகள். அவற்றை வெளியே போட்டிருந்தவனும் நான். இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் மச்சினன் ஒருவன் இருக்கிறான். புள்ளிவிவரம் இல்லாமல் பேச மாட்டான். "அத்தான், விவேகானந்தர் பாறையில 1964-ல வேல தொடங்குனாங்க. கடலுக்கு நடுவுல, படகுல கல்லு கொண்டுபோயி, 1970-ல திறந்தாச்சு" என்றான். விடுவேனா? வள்ளுவர் சிலைக்கு 1979-ல் அடிக்கல் நாட்டியும் திறந்தது 2000 ஜனவரி 1-ல்தானே என்றேன். "வேல தொடங்குனது 1990-லயாக்கும். பத்து வருசத்துக்குள்ள முடிச்சிட்டாரு கணபதி ஸ்தபதி. அது 133 அடி. நீங்க கட்டுறது ரெண்டு பெட்ரூமு." காப்பி ஆறிவிட்டது என்று எழுந்து அடுக்களைக்குப் போனேன்.

இதற்கிடையில் நான் லாரி பேக்கரைப் படித்துத் தொலைத்திருந்தேன். திருவனந்தபுரத்தில் பூச்சில்லாத செங்கல் சுவர்களால் வீடுகள் கட்டிக் காட்டியவர். அவர் பரவலாக்கிய 'எலிப்பொறிக் கட்டு' எனக்குப் பித்தாகப் பிடித்துவிட்டது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சுவருக்கு நடுவே பொந்து விட்டுக் கட்டுவது. கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சம். பொந்தில் காற்று நிற்பதால் வீட்டுக்குள் சூடும் குறையும். படத்தைக் காட்டினேன். கொத்தனார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, கல்லு மிச்சமாவும். என் கூலி மிச்சமாவாது, பாத்துக்கிடுங்க."

கட்டச் சொன்னேன். அவர் முதல் வரிசையைப் பிரித்துக் கட்டி, பிரித்துக் கட்டி, கை பழகி, கிழக்குச் சுவர் இடுப்பு உயரம் வந்தபோது எனக்கு ஒரு பயம் வந்தது. பொந்துச் சுவரில் ஆணி அடித்தால் நிற்குமா? அப்பா படத்தை எங்கே மாட்டுவது? அன்று சாயந்தரமே, "மத்த சொவரெல்லாம் சாதாரணமா கட்டிரலாம்" என்றேன். நிறுத்தி வைத்த கல் வரிசைக்கும் படுக்க வைத்த கல் வரிசைக்கும் உயரம் வேறு. மூலையில் இரண்டும் சேரவில்லை. அந்த அசிங்கத்தை மறைக்க வீடு முழுவதும் சிமென்ட் பூசவேண்டி வந்தது. பேக்கர் பெயரைச் சொல்லி, அவர் வேண்டாம் என்று சொன்ன பூச்சுக்குச் செலவழித்தவன் இந்தப் பக்கத்தில் நானாகத்தான் இருப்பேன்.

ஜன்னல் கதை இன்னும் கேவலம். படுத்துக்கொண்டே தாடகை மலையைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. லிண்டல் போட்ட பிறகு ஒரு நாள், கட்டில் வரப்போகிற இடத்தில் சாக்கு விரித்துப் படுத்துப் பார்த்தேன். மலையில் பாதிதான் தெரிந்தது. லிண்டலை உடைத்து ஜன்னலைத் தள்ளி வைத்தார்கள். வீடு முடிவதற்குள் பக்கத்து மனைக்காரர் மாடியே கட்டிவிட்டார். இப்போது படுத்துக்கொண்டே அவருடைய கறுப்புத் தண்ணீர்த் தொட்டி முழுசாகத் தெரிகிறது.

வேலை மளமளவென்று நடந்த ஒரு காலமும் உண்டு. கேரளத்தில் கூலி கூடுதல் என்று எங்கள் ஆட்கள் எல்லை தாண்டிவிட, மேற்கு வங்கத்துப் பையன்கள் வந்தார்கள். 'இந்தச் சுவரை அரை அடி தள்ளு' என்பதற்கு எனக்கு இந்தி தெரியாது. அந்தக் கொஞ்ச நாளில் வீடு கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது.

வார்ப்பு முடிந்த அன்று எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்து, வீடு முடிந்தது என்றே நினைத்துக்கொண்டேன். எனக்கு இருந்த அறியாமையில் பெரியது இதுதான். கான்கிரீட்டுக்குத் தன் காலக்கணக்கு தெரியும். மட்டுப்பாவில், அதாவது மொட்டைமாடியில், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவேண்டும். நாலரை மீட்டருக்குள் இடைவெளி என்றால் 7 நாளில் முட்டுக்கால் எடுக்கலாம், அதற்கு மேல் 14. சொன்ன பலம் வர 28 நாள். வீட்டுக்காரனின் மனசு இறுக எத்தனை நாள் என்று எந்தப் பொறியாளர் கையேட்டிலும் போட்டிருக்கவில்லை. வார்ப்புக்குப் பிறகுதான் வயரிங், குழாய், பூச்சு, தரை, மரவேலை, பெயின்ட் எல்லாம். சுவர் எழும்பப் பிடித்ததைவிட அதிக காலம் இதற்குத்தான் போயிற்று. பூச்சு காய்ந்த பிறகு என் மனைவி வந்து அடுக்களையில் நின்று, "மிக்சிக்கு பிளக்கு எங்க?" என்று கேட்டாள். வீட்டின் பிளானைக் கண்ணும் கருத்துமாக வரைந்தவன் தோசைக்கு மாவு அரைப்பதை யோசிக்கவில்லை. சுவரை வெட்டினோம்.

கதவுக்கு அயனி. கிடைத்த விலைக்குப் பச்சை மரமாக வாங்கிவிட்டேன். "காயப் போடணும், இல்லேன்னா சொன்னபடி கேக்காது" என்றார் ஆசாரி. அத்தனை விஷயத்திலும் காலத்தை வாரி இறைத்த நான், காத்திருக்கவேண்டிய இந்த ஒரே இடத்தில் அவசரப்பட்டேன். ஆனிச் சாரலில் கதவு ஊதிக்கொண்டு சாத்த மறுக்கும். பங்குனியில் சுருங்கி, இடுக்கு வழியாக வாசலில் நிற்கிறவர் யார் என்று பார்க்கலாம்.

கடைசியாகத் தரை. தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்குத் தெரியும், முகம் பார்க்கக்கூடிய அந்தக் கறுப்புத் தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று பக்குவம் சொல்வார்கள். கொத்தனாரிடம் சொன்னேன். "முட்டை வாங்குனா ஆம்லெட்டு போடலாம் அண்ணாச்சி" என்றார். அரண்மனையே 1601 வாக்கில் தொடங்கி மார்த்தாண்டவர்மா காலம் வரை தலைமுறை தலைமுறையாகக் கட்டியதுதானே என்று மனைவியிடம் ஆறுதல் சொன்னேன். "கட்டி முடிச்சு 1795-ல தலைநகரத்தைத் திருவனந்தபுரத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்கல்லா?" என்றாள். மச்சினனின் அக்கா.

ரெட் ஆக்சைடு தரையில் சமரசம் ஆயிற்று. தெரிந்த ஒரு முதியவரைத் தேடிப் பிடித்தோம். அறையை ஒரே நாளில், இடையில் நிறுத்தாமல், கரண்டியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். முட்டு வலிக்கக் குனிந்தே இருந்தார். "நாளைக்குத் தண்ணி கட்டலாம், யாரையும் உள்ள விடாதீங்க" என்று சொல்லிப் போனார். யாரையும் விடவில்லை. இறுகிவிட்டதா என்று பார்க்க நான்தான் ஒரு காலை வைத்தேன். அந்த இடத்தில் இப்போது பீரோ நிற்கிறது. படுக்கையறைக்கு நடுவில் ஏன் பீரோ என்று வருகிறவர்கள் கேட்பார்கள். வாஸ்து என்று சொல்லிவிடுவேன்.

பொதுமுடக்கம், 2021 நவம்பர் வெள்ளம் எல்லாம் இதற்குள் வந்துபோயின. அவற்றையும் நான் வீணாக்கவில்லை. எப்படியோ பால் காய்ச்சினோம். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனே ஆன்லைனில் அனுமதி கிடைக்கிறது. 'பிளான் அப்ரூவல் வரல்ல' என்று சொல்லிச் சமாளித்த என்னைப் போன்றவர்களுக்குப் பேரிடி.

போன மாதம் மருமகன் வந்தான், தங்கச்சி மகன். அருமநல்லூரில் மனை வாங்கியிருக்கிறான். மரத்தை முதலில் வாங்கிக் காயப்போடு, பிளக்குப் பாயிண்டை உன் பெண்டாட்டியிடம் கேள், லிண்டலுக்குப் பிறகு எதையும் தள்ளாதே என்று நான் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, அந்தக் கொத்தனார் நம்பர் மட்டும் தாங்க" என்றான். கொடுத்தேன். கொத்தனாரும் சம்மதித்துவிட்டாராம். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: வேலை முடியும் வரை மாமா சைட்டுப் பக்கம் வரப்பிடாது.